நிறுத்தினவன் சோறு

தரைக்கு அடியில் ஓர் இரும்பு வளைவை நிறுத்தி முடித்தால், நிறுத்தியவர் அன்றைய மதியச் சாப்பாட்டை அதன் கீழேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவர் சாப்பிட்டு, கை கழுவி, ஏப்பம் விட்டு எழுந்து வந்த பிறகுதான் மற்றவர்கள் அந்த வளைவைத் தாண்டி உள்ளே போவார்கள். அந்தச் செம்புச் சுரங்கத்தில் அப்படி ஒரு வழக்கம். எந்தச் சட்டத்திலும் அது கிடையாது. யார் ஆரம்பித்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஆனால் எவ்வளவு பெரிய அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் சரி, 'நிறுத்தினவன் சோறு' ஆகாத வளைவுக்குள் ஒருத்தனும் கால் வைக்க மாட்டான்.

அந்தச் சோற்றை மற்ற எல்லாரையும்விட அதிகமாகச் சாப்பிட்டவர் தூக்குவாளி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பக்கம் நசுங்கிய தூக்குவாளியில் சாப்பாடு கொண்டுவந்தார், பெயர் ஒட்டிக்கொண்டது. கல்யாணம் ஆனதும் மனைவி அந்த வாளியைப் பரணில் போட்டுவிட்டு மூன்றடுக்கு கேரியர் வாங்கிக் கொடுத்தாள். வாளி பரண் ஏறியது, பெயர் ஏறவில்லை.

அவர் சாப்பிடுகிற அழகே தனி. வளைவின் ஒரு காலில் முதுகைச் சாய்த்து, கால் நீட்டி உட்கார்வார். அடுக்குகளைக் கழற்றி வரிசையாக வைப்பார். கையெல்லாம் கிரீஸ் என்பதால் கரண்டியால்தான் சாப்பாடு. ஒவ்வொரு வாயையும் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி விசாரித்து விசாரித்துத்தான் உள்ளே அனுப்புவார். வெளியே ஆட்கள் தலைவிளக்கைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். பாறையில் துளை போடும் டிரில்லருக்குத்தான் வாய் சும்மா இருக்காது. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

"யோவ் தூக்குவாளி, இது சுரங்கமா, உன் மாமியார் வீடா? எழுந்திரிய்யா."

"இருய்யா. மலையே பேசாம நிக்குது, உனக்கென்ன அவசரம்?"

"மலைக்கு மாசாமாசம் சம்பளம் வாங்கற கவலை இல்லய்யா."

சிரிப்பார்களே தவிர யாரும் அவரை உண்மையில் அவசரப்படுத்தியது கிடையாது. அவர் எவ்வளவு மெதுவாகச் சாப்பிடுகிறாரோ அவ்வளவுக்கு அவர்கள் வயிற்றில் பால் வார்த்தது மாதிரி. பயமிருக்கிற மனிதன் இப்படிச் சாவகாசமாக வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானா?

இரும்பு வளைவு என்பது மூன்று துண்டு. இரண்டு பக்கமும் இரண்டு கால், மேலே வில் மாதிரி வளைந்த ஒரு தலை. தலையின் முனையும் காலின் முனையும் ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்கும். அந்த இடத்தில் கிளாம்ப் போட்டு போல்ட்டை இறுக்குவார்கள். மலை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். அழுத்தம் மிஞ்சினால் நல்ல இரும்பு முறியாது. செருகிய இடத்தில் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். கொடுக்கும்போது 'கிறீச்' என்று ஒரு கத்தல் கத்தும். அந்தக் கத்தல் கேட்டால் போட்டது போட்டபடி ஓடிவந்துவிடலாம். கெட்டுப்போன இரும்பு கத்தாது. ஒரு சொல் சொல்லாமல் முறிந்து மேலே விழும். ஆகவே கத்துகிற இரும்புதான் வேண்டும். தூக்குவாளிக்குத் தெரிந்த தொழில் இவ்வளவுதான், ஆனால் இதை அவர் முழுசாகத் தெரிந்து வைத்திருந்தார்.

சுரங்கத்துக்கு அவர் ஆசைப்பட்டு வரவில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது தங்கச்சிக்குப் பள்ளிக்கூடப் பையைத் தானாகத் தோளில் மாட்டத் தெரியாத வயசு. சுரங்கத்தில் சேர்ந்தால் தங்க வீடு தருகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். முதலில் முட்டுக்கொடுக்கும் மரக்கட்டைகளைத் தோளில் சுமந்தார். பிறகு மரம் போய் இரும்பு வந்தது. ஸ்பேனரைக் கையில் எடுத்தார். வீட்டுக்கு வந்தால் தங்கச்சிக்குத் தலை வாரிவிடுவார். போல்ட்டு இறுக்குகிற கை அல்லவா, பின்னல் அவிழவே அவிழாது. "அண்ணே, வலிக்குது, இது தலை, உன் வளைவு இல்ல" என்று கத்துவாள்.

பெண் பார்க்கப் போனபோது மனைவியாகப் போகிறவளின் கொண்டை ஊசி ஒன்று எப்படியோ அவர் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. அதைச் சுரங்கத்தின் சாக்கடையில் சில நாள் போட்டு வைத்தார். செம்புப் பாறை வழியாக ஊறிவரும் தண்ணீருக்கு ஒரு குணம் உண்டு. இரும்பைத் தொட்டால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டு, தின்ற இடத்தில் செம்பைப் பூசிவிட்டுப் போகும். ஊசி செக்கச்செவேல் என்று மின்னியது. கல்யாணம் முடிந்த மறுநாள் அவள் கையில் கொடுத்தார்.

"தங்கமோன்னு நினைச்சு ஒரு வாரம் பீரோல வெச்சுப் பூட்டியிருந்தேன். அப்படி ஏமாத்தின மனுஷன்" என்று அவள் இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

தான் நிறுத்தும் ஒவ்வொரு வளைவிலும் தூக்குவாளி ஓர் அடையாளம் வைப்பார். இடது காலில், மார்பு உயரத்தில், உளியால் மூன்று கோடு. கோழி மண்ணில் கால் பதித்த மாதிரி இருக்கும். ஆட்கள் அதைக் 'கோழிக்கால்' என்பார்கள். அவர் உளி வைக்கும்போது இரும்பு அதிராமல் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க ஒரு கையாள் வேண்டும். அந்த வேலைக்கு வந்தவன்தான் பிற்பாடு அவருக்கு மாப்பிள்ளை ஆனான்.

கைவேலை சுத்தமானவன். பேச்சு அதைவிடச் சுத்தம். வளைவின் காலைப் பிடித்தால் நூல் பிடித்தது மாதிரி நிற்கும். ஒருமுறை தலைத்துண்டு கைநழுவி வந்தபோது மற்ற எல்லாரும் விலகி ஓட, இவன் மட்டும் தோள் கொடுத்து நின்றான். தோள்பட்டை வீங்கிப்போனது. அன்றைக்கே தூக்குவாளி முடிவு செய்துவிட்டார். என் தங்கச்சியை இவனைவிட யார் தாங்கிவிடப் போகிறார்கள்?

கல்யாணம் வரைக்கும் "டேய், இங்க பிடிடா" என்றவர், தாலி கட்டி முடிந்த அந்த நிமிடத்திலிருந்து "வாங்க மாப்பிள்ளை" ஆகிவிட்டார். தரைக்கு அடியிலும் அப்படித்தான். "மாப்பிள்ளை, கொஞ்சம் அந்த ஸ்பேனர எடுத்துத் தரீங்களா?" என்று அவர் கேட்க, டிரில்லர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். கேரியரின் நடு அடுக்கு மாப்பிள்ளைக்கு என்று ஆனது. வளைவு நின்றதும் ஒரு காலில் மச்சான், எதிர்க்காலில் மாப்பிள்ளை என்று சாய்ந்து உட்கார்ந்து, ஒரே கேரியரில் சாப்பிடுவார்கள். அதைப் பார்ப்பதே ஆட்களுக்குத் தெம்பு. ஒருத்தர் சாப்பிட்டாலே போதும், இங்கே குடும்பமே சாப்பிடுகிறது.

மாப்பிள்ளை போர்மேன் ஆனபோது தெருவில் இருக்கிறவர்களுக்கெல்லாம் தூக்குவாளிதான் மிட்டாய் கொடுத்தார். யாருக்குப் பதவி வந்தது என்று தெரியாமல் பலர் அவருக்கே கை கொடுத்தார்கள். அவரும் மறுக்கவில்லை.

போர்மேன் ஆன பிறகும் கொஞ்ச நாள் மாப்பிள்ளை கீழே வந்து கூடச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான். பக்கத்துப் பாறை மடிப்பில் புதிய தாது கிடைத்து, அங்கே போக ஒரு புதுப் பாதை குடைய ஆரம்பித்தார்கள். அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் சொன்னான்.

"மச்சான், டாக்டர்கிட்ட போயிருந்தேன். சர்க்கரை இருக்குன்னு சொல்லிட்டார். நேரா நேரத்துக்குச் சாப்பிடணுமாம். கீழ வந்து காத்திருந்தா தலை சுத்துது. இனிமே நான் மேலயே சாப்பிட்டுக்கறேன்."

தூக்குவாளிக்கு மனசே சரியில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினார். அவள் உடனே நடு அடுக்கில் வேகவைத்த காய்கறி வைத்துக் கொடுத்தாள். கீழே இறக்கும் லிஃப்ட் கூண்டில் ஏறும் முன் அவர் அதை மாப்பிள்ளையின் மேசைமேல் வைத்துவிட்டு, சாயங்காலம் காலி அடுக்கை எடுத்துவருவார். அவனுடைய சர்க்கரைக்காக இவர் டீயில் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டார். ஏனென்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது.

புதுப் பாதைக்கு வளைவுகள் வந்து இறங்கின. இரும்புச் சாமான் போட்டு வைக்கும் மேல் யார்டிலிருந்து கூண்டில் இறங்கியவை. செக்கச் சிவப்பாக ரெட் ஆக்சைடு பெயின்ட் அடித்து, புது மணப்பெண் மாதிரி பளபளவென்று. "புது லோடு மச்சான். பாத்து நிறுத்துங்க" என்றான் மாப்பிள்ளை. வேறு யார் அனுப்பிய இரும்பாக இருந்தாலும் தூக்குவாளி சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துப் பார்க்காமல் தொடமாட்டார். இது மாப்பிள்ளை கையிலிருந்து வந்தது. அவன் தோளில் வாங்கிக்கொண்ட அந்தத் தலைத்துண்டு கண்ணில் வந்து நிற்கும்போது, இரும்பைத் தட்டிப் பார்ப்பது அவனையே தட்டிப் பார்ப்பது மாதிரி இருந்தது. அவர் தட்டவில்லை. நிறுத்தினார், கோழிக்கால் வைத்தார், கீழே உட்கார்ந்து சாப்பிட்டார். ஆட்கள் உள்ளே போனார்கள். வளைவுக்குப் பின் வளைவாகப் பாதை நீண்டது.

இடையில் ஒருநாள் தங்கச்சி வீட்டுக்கு வந்திருந்தாள். அண்ணிக்குத் துணி மடித்துக் கொடுத்துக்கொண்டே, சம்பந்தமில்லாமல் சொன்னாள்.

"ஏண்ணே, அங்க உக்காந்து ஆற அமர சாப்பிடணுமா? ரெண்டு வாய் போட்டுட்டு எழுந்திரிச்சிட வேண்டியதுதானே?"

"வேகமா சாப்பிட்டா செரிக்காதும்மா."

"செரிக்காட்டிப் பரவால்ல. நீ சீக்கிரம் எழுந்திரிச்சிடு" என்றாள். மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

அவள் போன பிறகு அவர் மனைவியிடம் பெருமையாகச் சொன்னார்: "பாத்தியா, எத்தனை வயசானாலும் அண்ணன்னா அவளுக்கு உசிரு."

சில நாள் கழித்து மனைவி அவருடைய வேலைச் சட்டையை உதறிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். முதுகுப்பக்கம் முழுக்கச் சிவப்புச் சிவப்பாகச் செதில்.

"ஏங்க, இது என்ன? புது இரும்பு புது இரும்புன்னு சொன்னீங்க. அப்பளம் மாதிரி உரிஞ்சு வந்து ஒட்டியிருக்கு. தேய்ச்சுத் தேய்ச்சு என் கை போச்சு."

"பெயின்ட் காஞ்சிருக்காது."

"காயாத பெயின்ட் ஈஷிக்கும். இது உரியுது. அவ்வளவுகூடத் தெரியாதா எனக்கு?"

அப்போது அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் வளைவின் கீழே உட்கார்ந்து பாதிச் சாப்பாடு சாப்பிட்டிருந்தபோது ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தார். சாய்ந்திருந்தது வலது கால். மேலே பாறையிலிருந்து தண்ணீர் சொட்டி, பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. கையில் இருந்த கரண்டியின் முனையால் ஒரு கொப்புளத்தைச் சுரண்டினார். பெரிய செதிலாக விழுந்தது. அடியில் குழி அடைக்கிற பட்டி மாவு மாதிரி ஏதோ அப்பியிருந்தது. அதையும் சுரண்டினார்.

செம்பு.

தலைவிளக்கைக் கிட்டே கொண்டுபோனார். இரும்பின் குழிகளில் சிவந்த செம்பு மின்னியது, மனைவியின் கொண்டை ஊசி மாதிரியே. ஆலையிலிருந்து நேராக வந்த இரும்பில் செம்பு எப்படிப் படியும்? பல வருஷம் செம்புத் தண்ணீரில் ஊறிக் கிடந்த இரும்பு இது. அவர் கை தானாகச் சுரண்டிக்கொண்டே போனது. மார்பு உயரத்தில் மாவு உதிர்ந்த இடத்தில் ஒரு கோடு தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு மூன்றாவது.

கோழிக்கால். இந்த வளைவை நிறுத்தியபோது அவர் வைத்தது எதிரே இடது காலில் புத்தம்புதிதாக இருந்தது. இது பழையது. என்றோ இடது காலாக நின்றதை இப்போது அவரே வலது பக்கம் நிறுத்தியிருந்தார்.

எங்கே வைத்தது என்பதும் ஞாபகம் வந்தது. பழைய பாதையில், மலை ஒரேயடியாக அழுத்தி வளைவுகளையெல்லாம் வெற்றிலை மடிக்கிற மாதிரி மடித்துப் போட்ட இடம் அது. அவரும் மாப்பிள்ளையும்தான் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, இனி ஆகாது என்று மேல் யார்டுக்கு ஏற்றிவிட்டார்கள். அதே இரும்பைத் தீயில் காய்ச்சி நிமிர்த்தி, குழியில் மாவு அடைத்து, சிவப்பு அடித்துத் திருப்பி இறக்கியிருக்கிறார்கள். ஒருமுறை மடிந்து, தீயில் நிமிர்ந்த இரும்பு வழுக்கிக் கொடுக்காது. கத்தாது.

வாயில் இருந்ததை ஓரமாகத் துப்பினார். வெளியே ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னய்யா, கல்லு கடிச்சிடுச்சா?" என்றார் டிரில்லர்.

அந்த இடத்தில் அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மாப்பிள்ளைக்குத் தெரியாமல் யார்டுக்காரர்கள் செய்த வேலையாக இருந்தால்? ஊரைக் கூட்டி அவன் முகத்தில் கரி பூசிவிட்டுப் பிறகு விசாரிப்பதா? "போல்ட்டு இறுக்கம் பத்தல. எல்லாத்தையும் மறுபடி பாக்கணும். இன்னைக்கு யாரும் உள்ள போக வேணாம்" என்றார். அவர் சொன்னால் மறுபேச்சு ஏது? எல்லாரும் திரும்பினார்கள். அவர் கரண்டியைக் கழுவவில்லை. அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஷிப்டு முடிந்ததும் நேராகத் தங்கச்சி வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். கையில் டீ. பிஸ்கட்டை முக்கி முக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மேசையில் ஏற்கெனவே குடித்து முடித்த இன்னொரு டம்ளர். அதன் அடியில் கரையாத சர்க்கரை பட்டை கட்டிக் கிடந்தது.

"வாங்க மச்சான். டீ சாப்பிடறீங்களா?"

"உடம்பு எப்படி இருக்கு மாப்பிள்ளை?"

"இருக்கு மச்சான்" என்று சொல்லிக்கொண்டே அவன் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தான். கீழே வைத்தான்.

தூக்குவாளி சட்டைப்பையிலிருந்து கரண்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். சிவப்புப் பெயின்டும் மாவும் செம்புத் தூளும் ஒட்டியிருந்தன.

"என் கோழிக்கால் கீழ நிக்குது. நாம ரெண்டு பேரும் கழற்றி மேல அனுப்பினது. அது எப்படி மறுபடி இறங்கிச்சு?"

தெரியாது என்று சொல்வான் என்றுதான் எதிர்பார்த்தார். அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தார்.

"உக்காருங்க மச்சான் முதல்ல" என்றான் மாப்பிள்ளை. "புது லோடு வரல. இதோ அதோன்னு இழுத்துட்டாங்க. பாதை திறக்கற நாளை மேனேஜர் மேலிடத்துல சொல்லிட்டார். யார்டுல கிடக்கறத நிமித்திக் கொடுத்துச் சமாளின்னு சொன்னார். நான் என்ன பண்ணட்டும்?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நிறுத்தியிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல."

தூக்குவாளி மேசைமேல் இருந்த கரண்டியைத் திருப்பி வைத்தார். 

"வேற யாரையாவது வெச்சு நிறுத்தியிருக்கலாமே மாப்பிள்ளை. என்னை எதுக்கு?"

"வேற எவன் உக்காந்து சாப்பிட்டாலும் ஆளுங்க ஒரு நிமிஷம் யோசிப்பாங்க மச்சான். நீங்க சாப்பிட்டா யோசிக்க மாட்டாங்க." அதை அவன் பாராட்டாகத்தான் சொன்னான். முகத்தில் ஒரு சிரிப்புகூட வந்தது. "உங்க பேருக்கு அவ்வளவு மதிப்பு."

அடுப்படி வாசலில் நின்றிருந்த தங்கச்சிக்குப் பொறுக்கவில்லை.

"அதுக்குத்தானேண்ணே அன்னைக்கே சொன்னேன், ரெண்டு வாய் போட்டுட்டு எழுந்திரிச்சிடுன்னு. நீ எங்க கேட்ட?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தூக்குவாளி அவளைப் பார்த்தார். தலை வாரிவிட்ட தங்கச்சி. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு, அண்ணன் பிழைக்க மட்டும் ஒரு வழி சொல்லியிருக்கிறாள். அண்ணனை நம்பி உள்ளே போகிறவர்களுக்கு அந்த வழிகூட இல்லை. அதைத்தான் உயிர் என்று நினைத்து மனைவியிடம் பீற்றிக்கொண்டோம் என்பது நினைவுக்கு வந்ததும் அவருக்கு வெட்கமாக இருந்தது.

"நாளைக்குக் கடைசி வளைவு ஒண்ணுதான் மச்சான்" என்றான் மாப்பிள்ளை, குரலைத் தாழ்த்தி. "அது முடிஞ்சா பாதை திறந்துடும். புது லோடு வந்ததும் ஒவ்வொண்ணா மாத்திடலாம். நாளைக்கு ஒருநாள். எனக்காக வேணாம், உங்க தங்கச்சிக்காக."

அவர் கரண்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். 

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் முழுசாகக் கேட்டுவிட்டு முதலில் கேட்டது இதுதான்: "அப்போ நான் காலையில எழுந்து சமைச்சது எல்லாம் ஆளுங்கள உள்ள தள்ளறதுக்குத்தானா? என் சோத்தக் காட்டித்தான் கூட்டிட்டுப் போனாங்களா?" பிறகு, "அந்த அடுக்குல வேகவெச்ச காய் வேற. உப்புக்கூடக் கம்மியா போட்டேனே அந்த மனுஷனுக்கு" என்று சொல்லி அழுதாள். காலையில் மூன்று அடுக்கையும் நிரப்பிக் கொடுத்தாள். நடு அடுக்கில் அன்றைக்கு அளவாக உப்பு இருந்தது.

அன்றைக்குத் தூக்குவாளி முதல் கூண்டிலேயே இறங்கிவிட்டார். புதுப் பாதையின் வாயில், முதல் வளைவுக்கு இந்தப் பக்கம், இரும்பே தேவைப்படாத கெட்டிப் பாறைக்குக் கீழே உட்கார்ந்தார். கேரியரைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார்.

ஆட்கள் அடுத்த கூண்டில் வந்தார்கள்.

"என்னய்யா, நேத்து வீட்டுல பட்டினி போட்டுட்டாங்களா? விடிஞ்சதும் ஆரம்பிச்சிட்ட?" என்று டிரில்லர் சிரித்துக்கொண்டே வந்தார். வந்தவர் நின்றார். தூக்குவாளி உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்த்தார். முதல் வளைவைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல இறங்கியது. பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக நின்றார்கள். யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வளைவை நிறுத்தியவர் வளைவுக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

செய்தி மேலே போய், மாப்பிள்ளை அரக்கப் பரக்க இறங்கி வந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் குனிந்தான்.

"மச்சான், எல்லாரும் பாக்கறாங்க. உள்ள வந்து உக்காருங்க. வீட்டு விஷயத்த வீட்டுல பேசிக்கலாம்."

தூக்குவாளி நடு அடுக்கைக் கழற்றி அவன் பக்கம் நகர்த்தினார்.

"உங்க அடுக்கு மாப்பிள்ளை. இன்னைக்கு உப்பு சரியா இருக்கு. உள்ள போய் உக்காந்து சாப்பிட்டுட்டு வாங்க. நாங்க இங்கேயே இருக்கோம்."

எல்லாத் தலைவிளக்குகளும் ஒன்றாகத் திரும்பி மாப்பிள்ளையின் முகத்தில் விழுந்தன. அவன் கையை நெற்றிக்கு மேலே வைத்துக் கண்ணை மறைத்துக்கொண்டான். முதல் வளைவு நாலு எட்டில் இருந்தது. அடுக்கை எடுக்கக் கை நீட்டினான். நீட்டிய கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"எனக்குத்தான் சர்க்கரை..." என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை. திரும்பிக் கூண்டை நோக்கி நடந்தான்.

யாரும் கைதட்டவில்லை. டிரில்லர் தூக்குவாளியின் எதிரே வந்து குந்தி உட்கார்ந்தார்.

"இதுக்கு முன்னாடி நீ சாப்பிட்டியே, அதெல்லாம்?"

"அதுவும் இதே இரும்புதான்."

"தெரிஞ்சா சாப்பிட்ட?"

"இல்லய்யா. நேத்துதான் தெரிஞ்சுது."

"நேத்து போல்ட்டு இறுக்கணும்னு சொன்னே."

தூக்குவாளி தலையைக் குனிந்துகொண்டார்.

"மாப்பிள்ளைகிட்ட கேட்டுட்டு அப்புறம் சொல்லலாம்னு..."

"ஓ" என்றார் டிரில்லர். "உன் மாப்பிள்ளைக்கு ஒரு ராத்திரி டைம் கொடுத்திருக்க. எங்களுக்கு ஒரு நிமிஷம் கொடுக்கல. நாங்க உன் வாயத்தான்யா பாத்துட்டு இருந்தோம். இரும்ப ஒருத்தன் பாக்கலியே." அவர் குரலில் கோபம்கூட இல்லை. எழுந்து போய்விட்டார். மாப்பிள்ளையைப் பற்றித் தூக்குவாளிக்கு என்ன வலித்ததோ, அதே வலி டிரில்லரின் முதுகில் எழுதியிருந்தது.

அன்றைக்கு யாரும் உள்ளே போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. மேலே எங்கோ யார் யாரோ பேசி, வராது வராது என்றிருந்த புது லோடு கடைசியில் வந்தது. பழைய வளைவுகளை வரிசையாகக் கழற்றினார்கள். ஒன்றுகூட முறியவில்லை, ஒன்றுகூட விழவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விட மோசமாகப் போயிற்று. மாப்பிள்ளையை மேலே ஸ்டோருக்கு மாற்றினார்கள்; அங்கே மின்விசிறிக்குக் கீழே நாற்காலி. தங்கச்சி ஒரே ஒருமுறை வாசல்வரை வந்தாள். உள்ளே வரவில்லை.

"ஒண்ணும்தான் ஆகலையேண்ணே. எதுக்கு எங்க மானத்த இப்படி வாங்கின?"

அவரிடம் பதில் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும், அதைச் சொல்லி இவளுக்குப் புரிய வைக்க வேண்டியிருக்கிறதே என்ற அலுப்பில் சும்மா இருந்துவிட்டார். அவள் போனதும் மனைவி கதவைச் சாத்தினாள்.

வழக்கம் மட்டும் போகவில்லை. தூக்குவாளி இப்போதும் வளைவு நிறுத்துகிறார், கோழிக்கால் வைக்கிறார், கீழே உட்கார்ந்து கேரியரைத் திறக்கிறார். மாப்பிள்ளை போன பிறகு நடு அடுக்கைக் கொண்டு வர வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். மனைவி கேட்கவில்லை. "மூணும் சேர்ந்தாத்தான் மூடி உக்காரும். யாராவது சாப்பிடட்டும்" என்றாள். யாரும் தொடாமல் அது அப்படியே திரும்பி வந்துகொண்டிருந்தது. முன்பு மாதிரி வெளியே நின்று கேலி பேசுவாரும் இல்லை. முதுகை எதிலும் சாய்க்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து, வேகமாகச் சாப்பிட்டு எழுந்துவிடப் பழகியிருந்தார்.

போன வாரம் பாதை திரும்பும் இடத்தில் ஒரு வளைவு நிறுத்தினார்கள். அவர் முதல் வாய் எடுக்கும்போது டிரில்லர் தனியாக உள்ளே வந்தார். வெகுநாள் கழித்து. வந்து நின்று நடு அடுக்கைப் பார்த்தார்.

"அது யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. உக்காரு. சாப்பிடு."

"இரு" என்றார் டிரில்லர். தூக்குவாளியின் கையிலிருந்த கரண்டியை வாங்கினார். இடது காலின் அடியிலிருந்து தலைக்கு எட்டும் உயரம்வரை பெயின்டைச் சுரண்டினார். விளக்கைக் கிட்டே வைத்துப் பார்த்தார். பிறகு எதிர்ப்பக்கம் போய் வலது காலையும் சுரண்ட ஆரம்பித்தார்.

தூக்குவாளி திறந்த கேரியருக்கு முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு, கரண்டி திரும்பி வருகிறவரைக்கும் காத்திருந்தார்.